படிக்கத் தெரியாத தாளில் ஒரு கையெழுத்து

பெங்களூரில் ஒரு தமிழ்ப் பெண் அடி வாங்கிக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனால் பேச்சு பெரும்பாலும் தமிழில்தான் நடக்கும். ஸ்ரீராமபுரமோ அல்சூரோ ஈஜிபுரமோ, தமிழ் தெரிந்த ஏட்டு ஒருவர் எப்படியும் இருப்பார். "ஏம்மா, என்ன ஆச்சு?" என்று கேட்பார். அவள் அழுதுகொண்டே சொல்வாள். புருஷனுக்குப் போன் போட்டு வரவழைப்பார்கள். அவனை நாலு வார்த்தை திட்டுவார்கள், அதுவும் தமிழில். மாமியார் வருவாள், ஏரியாவில் பெரிய மனிதர் ஒருவர் வருவார், "குழந்தைங்க முகத்தைப் பாரும்மா" என்பார். இரண்டு மணி நேரம் இப்படிப் போன பிறகு ஒரு தாள் வரும். அது கன்னடத்தில் இருக்கும். "இங்க ஒரு கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போம்மா" என்பார்கள். போட்டுவிட்டுப் போவாள்.

அந்தத் தாள் பல நாளாக என் மனதை அரித்துக்கொண்டிருக்கிறது. குடும்ப வன்முறைக்கு உதவி என்று யார் எழுதினாலும் தொலைபேசி எண்களும் அலுவலக முகவரிகளும் வரிசையாக வரும். அவை வேண்டியவைதான். உடனடி ஆபத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181, இலவச வக்கீலுக்கு 15100. மூன்றையும் மனப்பாடம் செய்துகொள்வது நல்லது. ஆனால் சரியான கதவைத் தட்டிய பிறகும் வழக்கு வழுக்கி விழுவது இந்த முதல் தாளில்தான். அதில் என்ன எழுதியிருக்கிறது, எந்த மொழியில் எழுதியிருக்கிறது, அவள் கையில் ஒரு நகல் இருக்கிறதா என்ற மூன்று கேள்விகளை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை. கூட வரும் அக்காவுக்கும் தம்பிக்கும்கூடத் தெரிவதில்லை.

இங்கே பிறந்து வளர்ந்த தமிழர்கள் கன்னடம் சரளமாகப் பேசுவார்கள். ஆனால் ஆம்பூரிலிருந்தும் திருப்பத்தூரிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் கல்யாணமாகி வந்த பெண்கள் எத்தனை பேர்! கடைக்காரரிடமும் பஸ்ஸிலும் பேசும் அளவுக்குக் கன்னடம் வந்துவிடும். எழுத்து வராது. தமிழ் வழியில் பத்தாவது படித்தவளுக்கும் வராது. பேச்சு தன் மொழியில் நடந்ததால், தாளிலும் தான் பேசியதுதான் இருக்கும் என்று நம்பிவிடுகிறாள். அவளைப் பொறுத்தவரை அது புகார். உண்மையில் அது பெரும்பாலும் புகாரை முடித்துவைக்கும் தாள்.

இரண்டு வாக்கியங்கள்

அப்படிப்பட்ட தாளில் வழக்கமாக இருப்பது இதுதான்: "எங்கள் குடும்பத்தில் சிறு மனஸ்தாபம் ஏற்பட்டது. பெரியவர்கள் முன்னிலையில் பேசித் தீர்த்துக்கொண்டோம். மேல் நடவடிக்கை எதுவும் வேண்டாம்." கீழே இரண்டு கையெழுத்து. அடித்தான் என்ற சொல் எங்குமே இல்லை. காது கிழிந்தது இல்லை. நகையைப் பிடுங்கிக்கொண்டது இல்லை. எட்டு மாதம் கழித்து அவள் நீதிமன்றத்துக்குப் போகும்போது எதிர்த்தரப்பு வக்கீல் இந்தத் தாளை எடுத்து நீட்டுவார். "சிறு மனஸ்தாபம் என்று நீங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்களே?" என்பார். அது தன் கையெழுத்துதான் என்று அவள் ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும்.

அதே தாளில் வேறொரு வாக்கியம் இருந்திருக்கலாம். "இந்தத் தேதியில் நான் என் மனைவியைக் கையால் அடித்தேன். இனி அடிக்க மாட்டேன். வீட்டைவிட்டு வெளியே தள்ள மாட்டேன்." கணவன் எழுதி, கணவன் கையெழுத்துப் போட்டது. அதே அறை, அதே இரண்டு மணி நேரம், அதே சமாதானம்தான். ஆனால் இந்த இரண்டாவது வாக்கியம் அவள் கையில் இருந்தால் நிலைமை தலைகீழாகிவிடும். குற்ற வழக்கில், போலீசிடம் சொன்ன ஒப்புதலைக் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. உண்மைதான். ஆனால் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி மாஜிஸ்திரேட்டிடம் போடும் மனு குற்றப் புகார் ஆகாது. அது பாதுகாப்பும் வீடும் பணமும் கேட்கும் மனு. உச்ச நீதிமன்றமே 2022ல் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அங்கே இந்தத் தாளை நீதிபதி எடைபோட்டுப் பார்க்கலாம்.

ஆகவே, அவள் அன்று சமாதானமாகத்தான் போக வேண்டும் என்று முடிவெடுத்தாலும், அந்த முடிவை நாம் குறை சொல்லக் கூடாது. போக்கிடம் இல்லாதவள், பிள்ளைக்கு மறுநாள் பரீட்சை இருப்பவள், வேறு என்ன செய்வாள்? அவளுடன் போகிறவர்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான். அடித்ததை அவன் எழுதட்டும், தேதியோடு எழுதட்டும், இனி என்ன செய்ய மாட்டான் என்று தனித்தனியாக எழுதட்டும், அதன் நகல் ஒன்று வேண்டும். "ரெண்டு பேரும் ஒத்துப் போறோம்னு பொதுவா எழுதிடலாம்மா" என்று யாராவது சொல்லும்போது, அங்கே நின்று பேச வேண்டும். இரவு பதினொரு மணி ஆனாலும் சரி.

நிலையத்துக்குள்

போவதற்கு முன் அரை மணி நேரம் உட்கார்ந்து தமிழிலேயே ஒரு தாள் எழுதிக்கொள்வது பெரும் பலம். எப்போதும் அடிப்பார், ரொம்பக் கொடுமை என்று எழுதினால் எதற்கும் உதவாது. மூன்று சம்பவங்கள் போதும்: முதல் தடவை, மிக மோசமான தடவை, கடைசித் தடவை. ஒவ்வொன்றுக்கும் தேதி, நேரம், இடம், எதைக்கொண்டு அடித்தான், எங்கே பட்டது, யார் பார்த்தார்கள். தேதி நினைவில் இல்லை என்பாள். "பொங்கலுக்கு முந்தின நாள்", "பையனை எல்.கே.ஜி. சேர்த்த வாரம்" என்பாள். அது போதும். தினசரி காலண்டர், பள்ளிக் கட்டண ரசீது, கேஸ் சிலிண்டர் வந்த குறுஞ்செய்தி, அம்மாவுக்குப் போட்ட போன் அழைப்பின் பதிவு, இவற்றை வைத்துத் தேதியைப் பிடித்துவிடலாம். எழுதியதை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் நிலையத்தின் முத்திரையும் பெற்றுக்கொண்ட தேதியும் வாங்க வேண்டும்.

வாயால் சொல்லி அவர்கள் எழுதிக்கொண்டால், அதைப் படித்துக்காட்டிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு அது. படித்துக்காட்டுவது என்றால் அவளுக்குப் புரியும் மொழியில். "சார், இதைத் தமிழ்ல படிச்சுச் சொல்லுங்க, கையெழுத்துப் போடுறேன்" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. படித்துச் சொன்னால், கையெழுத்துக்கு மேல் தமிழிலேயே ஒரு வரி எழுதலாம்: "எனக்குத் தமிழில் படித்துக்காட்டப்பட்டது", தேதி, நேரம். படித்துக்காட்டாவிட்டால் போட வேண்டியதில்லை. எஃப்.ஐ.ஆர். பதிவானால் அதன் நகல் புகார்தாரருக்கு இலவசம். சம்பவம் வேறு எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் பதிவு செய்யலாம். பிறகு அவர்களே மாற்றி அனுப்புவார்கள்.

பெரும்பாலும் உடனே எஃப்.ஐ.ஆர். போட மாட்டார்கள். மனுவாக எடுத்து ஒரு எண் கொடுத்து, "கூப்பிட்டு விசாரிக்கிறோம்" என்பார்கள். கணவன் மனைவி தகராறில் முதற்கட்ட விசாரணை நடத்தலாம் என்று 2013ல் உச்ச நீதிமன்றம் அனுமதித்திருப்பதால் அதில் தவறு காண முடியாது. அதே தீர்ப்பு இன்னொன்றும் சொல்கிறது, அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. விசாரித்துப் புகாரை முடித்துவிட்டால், ஏன் முடித்தார்கள் என்ற காரணத்தோடு ஒரு வாரத்துக்குள் அவளுக்கு எழுத்தில் தர வேண்டும். கன்னடத்தில் இதை 'ஹிம்பரஹ' என்பார்கள். அந்தச் சொல்லைச் சொல்லிக் கேளுங்கள். வாய்மொழியாக "முடிஞ்சு போச்சும்மா" என்றால் அது முடிந்ததாகாது. நிலையத்தில் எடுக்கவே மறுத்தால் அதே தாளை அன்றே காவல் துறைத் துணை ஆணையருக்கு (டி.சி.பி.) ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். பிறகு மாஜிஸ்திரேட்டிடம் போவதற்கு அந்த ரசீதுதான் படிக்கட்டு.

ஏற்கெனவே ஏதோ ஒரு தாளில் கையெழுத்துப் போட்டாகிவிட்டதா? அதைத் தேடி எடுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு, தன் பெயர், தேதி, மனு எண் சொல்லி அந்த நிலையத்துக்குரிய தகவல் அலுவலரிடம் கேட்டால் முப்பது நாளில் பதில் தர வேண்டும். கிடைத்ததும் தெரிந்தவரிடம் வரிக்கு வரி மொழிபெயர்த்துக் கேளுங்கள். அதை மறைக்கவே கூடாது. மனுவின் முதல் பக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்: இந்தத் தேதியில் அழைத்தார்கள், தாள் கன்னடத்தில் இருந்தது, படித்துக்காட்டவில்லை, பிள்ளைகளுக்காக வீடு திரும்பினேன், இத்தனை நாளில் மறுபடி அடித்தார். நாமே முதலில் சொன்ன தாளுக்குக் கூர்மை போய்விடும். பழைய சமாதானம் புதிய மனுவுக்குத் தடை கிடையாது.

மருத்துவமனைச் சீட்டும் இதே கதைதான். பௌரிங்கிலோ விக்டோரியாவிலோ அவசர சிகிச்சைப் பிரிவில் "எப்படிப் பட்டது?" என்று கேட்கும்போது, பக்கத்தில் நிற்கும் மாமியாருக்குப் பயந்து "வழுக்கி விழுந்துட்டேன்" என்பாள். சீட்டில் அப்படியே ஏறிவிடும். அந்த ஒரு வரியை அழிக்க வருடக்கணக்கில் போராட வேண்டியிருக்கும். மருத்துவரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்கலாம். யார், எதைக்கொண்டு அடித்தார் என்று சொன்னால் மருத்துவ-சட்டப் பதிவாக, அதாவது எம்.எல்.சி.யாக, பதிவாகும். ஓ.பி. சீட்டைத் தூக்கிப்போடாதீர்கள். காயத்தை அன்றும், இரண்டு மூன்று நாள் கழித்து இரத்தக்கட்டு நிறம் மாறும்போதும், முகம் தெரிய ஒன்று, கிட்டத்தில் ஒன்று என்று படம் எடுங்கள். படம் எடுத்த போனை மாற்றாமல் வைத்திருங்கள். மின்னணுச் சாட்சிக்குச் சான்றிதழ் தர அந்தப் போன் வேண்டும். கணவனுக்குக் கடவுச்சொல் தெரிந்த கூகுள் கணக்கில் அந்தப் படங்கள் போய்ச் சேராமல் பார்த்துக்கொள்வது முக்கியம். வாட்ஸாப்பில் இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற இடத்தைத் திறந்து, தெரியாத கணினி ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மாஜிஸ்திரேட்டுக்குப் போகும் வழி

நம்மவர்களுக்குச் சட்டம் என்றால் போலீஸ்தான். ஆனால் அவளிடம் "உனக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டுப் பாருங்கள். அவனை ஜெயிலில் போட வேண்டும் என்று சொல்பவர்களும் உண்டு, அவர்களுக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85ஆம் பிரிவு இருக்கிறது. மனைவியைக் கொடுமைப்படுத்தும் கணவன் மீதும் அவன் உறவினர்கள் மீதும் வழக்குப் போடும் பழைய 498ஏ அதுதான். பெரும்பாலானோர் சொல்வது வேறு: அடிக்காமல் இருக்க வேண்டும், இருக்க வீடு வேண்டும், பிள்ளை என்னிடம் இருக்க வேண்டும், மாதச் செலவுக்குப் பணம் வேண்டும். இந்த நான்கும் 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கும் குடும்ப வன்முறைச் சட்டத்தில் ஒரே மனுவில் கிடைக்கும். மதம் எதுவானாலும் பொருந்தும். கல்யாணம் பதிவாகியிருக்க வேண்டும் என்பதில்லை; பத்திரிகை, கோயில் ரசீது, புகைப்படம், கணவன் பெயருள்ள ஆதார், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் போதும்.

இந்தச் சட்டத்துக்கென்று பாதுகாப்பு அலுவலர் உண்டு. கர்நாடகத்தில் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர்களிடம், அதாவது சி.டி.பி.ஓ.க்களிடம், அந்தப் பொறுப்பு இருக்கிறது. அங்கன்வாடிகளைக் கவனிக்கும் அதே அலுவலகம். எனவே எங்கே போவது என்று தெரியாவிட்டால் தெருவிலுள்ள அங்கன்வாடி டீச்சரைக் கேட்டாலே வழி தெரியும். புருஷன் கண்ணுக்கும் அது சந்தேகமாகப் படாது. பாதுகாப்பு அலுவலர் நிரப்பும் படிவத்துக்கு டி.ஐ.ஆர்., அதாவது குடும்ப நிகழ்வு அறிக்கை, என்று பெயர். அடி, வசைச்சொல், பாலியல் கொடுமை, பணம் தராமல் வைத்திருப்பது என்று நான்கு வகைக்கும் அதில் கட்டங்கள் இருக்கின்றன. "அடிச்சாரா?" என்று மட்டும் கேட்டு மற்றதை விட்டுவிடுவார்கள். சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது, ஏ.டி.எம். கார்டை வைத்துக்கொள்வது, மளிகைக்குக் காசு தராதது எல்லாம் பொருளாதார வன்முறை என்ற பெயரில் சட்டத்திலேயே இருக்கின்றன. விட்டுவிடாமல் எழுதச் சொல்லுங்கள். அந்த அலுவலரைப் பிடிக்க முடியாவிட்டால் டி.ஐ.ஆர். இல்லாமலே நேரடியாக நீதிமன்றத்தில் மனுப் போடலாம் என்பதும் 2022லேயே உச்ச நீதிமன்றம் முடிவாகச் சொன்னது.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்று தயங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்ணுக்கு இலவச வக்கீல் பெற வருமான வரம்பே கிடையாது. மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்ப்பவளுக்கும் உண்டு, வீட்டு வேலை செய்பவளுக்கும் உண்டு. வருமானச் சான்றிதழ் கேட்டால் "பெண்ணுக்குத் தேவையில்லை, 12ஆம் பிரிவு" என்று சொல்லலாம். நீதிமன்ற வளாகங்களில் ஆணையத்தின் அலுவலகம் இருக்கும்; மாநில ஆணையம் சித்தையா சாலையில் நியாய தேகுலா கட்டடத்தில் இருக்கிறது. தமிழ் தெரிந்த வக்கீல் வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். இந்த ஊரில் அப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமில்லை. ஒதுக்கப்பட்ட வக்கீல் பணம் கேட்டாலோ இரண்டு வாய்தாவுக்கு வராமல் போனாலோ, மாற்றித் தரும்படி அதே அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம். சண்டை போட வேண்டியதில்லை, தேதியோடு எழுதினால் போதும்.

பெங்களூரில் இந்த மனுக்கள் நெடுங்காலமாகப் போக்குவரத்து நீதிமன்றம் என்ற பெயர் கொண்ட மாஜிஸ்திரேட் நீதிமன்றங்களில் நடந்துவந்திருக்கின்றன. எம்.எம்.டி.சி. என்று தாளில் பார்த்துவிட்டு, வண்டி வழக்குக்கான இடம் என்று நினைத்துத் திரும்பிப் போகாதீர்கள்.

இங்கே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இடைக்கால உத்தரவைப் பற்றி. மனு வந்த மூன்று நாளில் முதல் விசாரணை, அதிலிருந்து அறுபது நாளில் முடிக்க முயல வேண்டும் என்பது குடும்ப வன்முறைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு. நடைமுறையில் வருடங்கள் ஓடுகின்றன. கணவன் வீடு மாற்றிவிடுவான், நோட்டீஸ் திரும்பி வரும், வக்கீல் மாறுவார். அந்த வருடங்களில் அவள் எதைச் சாப்பிடுவாள்? அதற்குத்தான் 23ஆம் பிரிவு. பிரமாணப் பத்திரத்தின் அடிப்படையில், எதிர்த்தரப்பு வராமலே கூட, உடனே உத்தரவு போட மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் இருக்கிறது. ஆனால் முதன்மை மனுவை மட்டும் போட்டுவிட்டு 23க்குத் தனியாக விண்ணப்பம் போடாமல் விட்டுவிடுகிற வக்கீல்கள் இருக்கிறார்கள். போட்டாலும் அன்றே வாதிடுவதில்லை. வக்கீலிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "சார், இருபத்து மூணு போட்டாச்சா? எப்ப வாதம்?" நோட்டீஸ் திரும்பாமல் இருக்க, கணவனின் வீடு, வேலை செய்யும் இடம், மாமனார் வீடு என்று மூன்று முகவரியும் மனுவில் கொடுங்கள்.

ஜீவனாம்சம் கேட்டால் இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் சொல்லும் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். 2020 நவம்பரில் வந்த உச்ச நீதிமன்றத்தின் ரஜ்னேஷ் – நேஹா தீர்ப்பு அது. பணம் மனுப் போட்ட தேதியிலிருந்து கணக்கிடப்பட வேண்டும் என்பதும் அதில்தான் இருக்கிறது, எனவே ஒவ்வொரு மாதத் தாமதமும் அவளுக்கு நட்டம். அவன் சம்பளக்காரனாக இருந்தால், நிறுவனமே நேராக அவளுக்குக் கொடுக்கும்படி உத்தரவு கேட்கலாம். ஆட்டோ ஓட்டுகிறவன், காய்கறி வியாபாரி என்றால் "எனக்கு வருமானமே இல்லை" என்பான். அங்கே வண்டிக்கடன் தவணை, யூ.பி.ஐ. வரவு, சீட்டு கட்டும் புத்தகம் பேசும். மாதம் பதினாலாயிரம் தவணை கட்டுகிறவன் ஒன்பதாயிரம்தான் சம்பாதிக்கிறேன் என்று சொல்ல முடியாது.

இன்னொன்று. எழுதும்போது நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். கோபத்தில் சேலத்தில் இருக்கும் நாத்தனாரையும் அவள் கணவனையும் சேர்த்து ஏழு பேர் பெயரைப் போட்டால் வழக்கு கனமாகும் என்று சிலர் சொல்லித்தருவார்கள். யார் என்ன செய்தார் என்று சொல்லாமல் உறவினர்களைக் கொத்தாகச் சேர்த்த வழக்குகளை உச்ச நீதிமன்றம் மீண்டும் மீண்டும் ரத்து செய்திருக்கிறது. இருபத்திரண்டு பவுனுக்கு ரசீது இருந்தால் இருபத்திரண்டு என்றே எழுதுங்கள். ஐம்பது என்று எழுதி ஒரு பொய் பிடிபட்டால் உண்மையான அடியும் பொய்யாகிவிடும்.

லீஸ் வீடும் அடகுச் சீட்டும்

இந்த ஊரில் பலர் லீஸுக்குக் குடியிருக்கிறார்கள். சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்துவிட்டு மாத வாடகை இல்லாமல் இருப்பது. அந்தப் பணத்தில் அவளுடைய நகை விற்ற காசும் அவள் அப்பா கொடுத்ததும் இருக்கும். ஒப்பந்தம் கணவன் பெயரில். சண்டை வந்து அவள் அம்மா வீட்டுக்குப் போன வாரத்தில் அவன் வீட்டுக்காரரிடம் பேசிப் பணத்தை வாங்கிக்கொண்டு காலி செய்துவிடுவான். அதன் பிறகு வீடு கேட்க வீடே இல்லை. ஆகவே லீஸ் ஒப்பந்தத்தை முன்பே படம் எடுத்து வைக்க வேண்டும். மனுவில் 18ஆம் பிரிவின் கீழ், நீதிமன்ற அனுமதி இல்லாமல் அந்தப் பணத்தையும் வங்கிக் கணக்கையும் லாக்கரையும் தொடக் கூடாது என்று குறிப்பாகக் கேட்க வேண்டும். உத்தரவு கிடைத்ததும் வீட்டுக்காரருக்கும் ஒரு நகல் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். வீடு மாமனார் பெயரில் இருந்தாலும் அங்கே குடியிருந்த மருமகளுக்கு வசிக்கும் உரிமை உண்டு என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்துவிட்டது. "இது என் வீடு, போடி வெளியே" என்று மாமனார் சொல்வதால் மட்டும் அவள் வெளியேற வேண்டியதில்லை.

நகைக்குக் கல்யாண வீடியோவைத் தேடுவார்கள். அதைவிட நல்ல சாட்சி அடகுச் சீட்டு. எத்தனை கிராம், என்ன நகை, எந்தத் தேதி என்று எல்லாம் அதில் இருக்கும். கணவன் பெயரில் அடகு வைத்திருந்தால் சீட்டைப் படமாவது எடுத்துக்கொள்ளுங்கள். வட்டி கட்டாமல் விட்டால் ஏலத்துக்குப் போய்விடும், அதனால் மனுவில் இதையும் அவசரம் என்று சொல்ல வேண்டும். சீதனத்தைத் திருப்பித் தர உத்தரவிட 19ஆம் பிரிவில் இடம் இருக்கிறது.

வீட்டில் இருக்கவே முடியாத இரவுக்குச் சகி மையம் உண்டு. 181ல் கேட்டால் அருகிலுள்ளதைச் சொல்வார்கள். சில நாள் தங்க இடம், வக்கீல், ஆலோசகர், போலீஸ் உதவி ஒரே இடத்தில் கிடைக்கும். நீண்ட நாள் தங்குவதற்கு சக்தி சதன் இல்லங்கள். பத்துப் பன்னிரண்டு வயது மகன் இருந்தால் போகும் முன்பே போனில் கேட்டுவிடுங்கள். ஆண் பிள்ளைக்கு வயது வரம்பு இருக்கும், வாசலில் போய் நின்ற பிறகு அது தெரிந்தால் அவள் மனம் உடைந்து திரும்பி அதே வீட்டுக்குப் போய்விடுவாள்.

ஓசூருக்கு அந்தப் பக்கம்

அத்திப்பள்ளி தாண்டினால் தமிழ்நாடு. அம்மா வீடு அங்கே இருக்கும் பெண்களுக்கு ஒரு கேள்வி எப்போதும் வரும்: எங்கே வழக்குப் போடுவது? குடும்ப வன்முறைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலும் மனுப் போடலாம் என்கிறது. 498ஏ புகாரையும் அடைக்கலம் புகுந்த ஊரில் கொடுக்கலாம் என்று 2019ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தப் பக்கம் அனைத்து மகளிர் காவல் நிலையம் இருக்கிறது, தாள் தமிழில் இருக்கும், மனு ரசீது தருவார்கள். வாசிக்கத் தெரிந்த தாளில் கையெழுத்துப் போடலாம் என்பது சாதாரண வசதி இல்லை.

ஆனால் வேலையும் பிள்ளையின் பள்ளியும் பெங்களூரில் இருந்தால், அந்த லீஸ் வீட்டில் திரும்ப நுழைவதுதான் நோக்கம் என்றால், இங்கேயே போடுவது நல்லது என்பது என் கருத்து. இன்னொரு மாநில மாஜிஸ்திரேட்டின் உத்தரவு இந்தியா முழுவதும் செல்லும் என்றாலும், இங்குள்ள நிலையத்தை நகர்த்தி அதை நடைமுறைப்படுத்த அலைய வேண்டியிருக்கும். திரும்பி வரப் போவதே இல்லை, ஜீவனாம்சமும் பிள்ளையும் நகையும்தான் வேண்டும் என்றால் அம்மா வீட்டுப் பக்கமே போடுங்கள். எங்கே போட்டாலும், அந்த ஊரில் தங்கியிருப்பதற்கு ஒரு சான்று வேண்டும். பிள்ளையை அங்கே பள்ளியில் சேர்த்த ரசீது போதும். எட்டாம் வகுப்பு வரை டி.சி. வரவில்லை என்று சொல்லிச் சேர்க்காமல் இருக்க முடியாது. கல்வி உரிமைச் சட்டம் அது.

முத்திரைத்தாள்

சங்கத்தில், ஜமாத்தில், கட்சி அலுவலகத்தில், வீட்டுத் திண்ணையில் நடக்கும் பஞ்சாயத்திலும் தாள் உண்டு. நூறு ரூபாய் முத்திரைத்தாளில், நோட்டரி முத்திரையோடு, "இருவரும் மனமொத்துப் பிரிகிறோம், எந்தப் பாத்தியமும் இல்லை" என்று எழுதி வாங்குவார்கள். இந்துத் திருமணமோ கிறிஸ்தவத் திருமணமோ இப்படி நோட்டரி தாளில் முறிந்துவிடாது. ஆனால் "எந்தப் பாத்தியமும் இல்லை" என்ற வரி ஜீவனாம்ச வழக்கில் அவள் முன் வந்து நிற்கும். வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்குவதும் நடக்கிறது, ரேஷன் கார்டுக்கு, பேங்க்குக்கு என்று சொல்லி. அப்படி ஏற்கெனவே கொடுத்திருந்தால் அதையும் புகாரில் தேதியோடு சொல்லிவிட வேண்டும்: இத்தனை வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள் என்று.

உண்மையிலேயே பேசித் தீர்க்கத்தான் அவள் விரும்புகிறாள் என்றால், வழக்குப் போட்ட பிறகு நீதிமன்றம் வழியாகச் சமரச மையத்தில் பேசட்டும். நியாய தேகுலாவில் 2007 முதல் அது இயங்குகிறது. அங்கே எழுதுவது நீதிமன்றப் பதிவில் ஏறும். தொகை எவ்வளவு, எந்தத் தேதியில், எந்தக் கணக்கில், தராவிட்டால் என்ன என்று ஒவ்வொன்றும் இருக்க வேண்டும். அங்கேயும், கையெழுத்துக்கு முன் தமிழில் படித்துச் சொல்லக் கேட்பது அவள் உரிமை.

உத்தரவு வந்த அன்று

உத்தரவின் நகல் அவளுக்கு இலவசமாகத் தரப்பட வேண்டும், எல்லைக்குரிய காவல் நிலையத்துக்கும் போக வேண்டும் என்பது 24ஆம் பிரிவு. போய்ச் சேரும் என்று காத்திருக்காமல் தானே ஒரு நகலை எடுத்துப்போய்க் கொடுத்து முத்திரை வாங்குங்கள். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, இருபதாயிரம் ரூபாய் வரை அபராதம். பிணையில் விட முடியாத குற்றம், அவள் ஒருத்தியின் சாட்சியம் போதும் என்று 32ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அவன் வாசலில் வந்து கத்தும் இரவில் வரும் ரோந்துக் காவலருக்கு அந்த உத்தரவைப் பற்றி எதுவும் தெரியாது. அவரிடம் நீட்டத் தாள் வேண்டும்.

உத்தரவு பத்துப் பக்கம் இருக்கும். கடைசிப் பக்கத்தில் உள்ள கட்டளைப் பகுதிதான் முக்கியம். அவன் எங்கே வரக் கூடாது, யாரைத் தொடக் கூடாது, எந்த மாதத்திலிருந்து எவ்வளவு தர வேண்டும். வக்கீலிடம் உட்கார்ந்து அந்தப் பகுதியை மட்டும் தமிழில் நாலு வரியாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மூல உத்தரவின் படத்தோடு சேர்த்து ஒன்று போனில், ஒன்று பக்கத்து வீட்டு அக்காவிடம், ஒன்று ஊரில் அம்மாவிடம், ஒன்று பள்ளித் தலைமையாசிரியையிடம் இருக்கட்டும். மதியம் மூன்றரைக்குப் பள்ளி வாசலில் அவன் வந்து நின்றால், பிள்ளையை யாரிடம் அனுப்புவது என்று அந்த ஆசிரியைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.